மன்னரிடம் சம்பளம் கொடுக்கக் காசில்லை!

வகுப்பறை வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஐரோப்பிய நிலப்பிரபுத்துவம் நடத்துகிறேன். மன்னர், பிரபு, வீரர், பண்ணையடிமை என்று பிரமிடு வரைந்தால் அழகாக ஒப்பிக்கிறார்கள். மறுவாரம் கேட்டால் முழிக்கிறார்கள். இன்றைய கம்பெனி மாதிரி எம்.டி., மேனேஜர், தொழிலாளி என்று மாற்றிச் சொல்லலாமா?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: கம்பெனி வேண்டாம். தொழிலாளிக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், முதலாளி ஏமாற்றினால் லேபர் கோர்ட் இருக்கிறது. பண்ணையடிமைக்கு இந்த மூன்றும் கிடையாது. அந்த உவமையைச் சொன்னால், ‘கொஞ்சம் கறாரான முதலாளி’ என்ற அளவில்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

இப்படித் தொடங்கிப் பாருங்கள். ஒரு மாநிலம். கஜானாவில் பணமில்லை, வங்கியில்லை, வரி வசூலிக்க அலுவலகமில்லை, கணக்கெழுத ஆளில்லை. ஆனால் எல்லையில் சண்டை. கலெக்டருக்கு முதலமைச்சர் எதைக் கொடுத்து வேலை வாங்குவார்? கேள்வியைப் போட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை ‘இடத்தைக் கொடுப்பார்’ என்று சொல்லிவிடும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘மாவட்டத்தை நீயே வைத்துக்கொள், விளைவதை நீயே அனுபவி. நான் கூப்பிட்டால் ஆயுதத்தோடு 20 ஆளைக் கூட்டி வா, ஆண்டுக்கு 40 நாள்.’ கலெக்டர் அந்த 20 பேரை எப்படிச் சேர்ப்பார்? அவரிடமும் காசில்லையே. தாலுகாக்களைத் தாசில்தார்களுக்குப் பிரித்துக் கொடுப்பார், அதே நிபந்தனையோடு. பிரபுவும் குதிரைவீரரும் உருவான கதை இதுதான்.

அடுத்து, கலெக்டர் இறந்துவிடுகிறார், மகனுக்கு வயது 5. மாவட்டம் யாருக்கு? இங்கிலாந்தில் மகனுக்குத்தான் போனது. ஆனால் அவனுக்கு 21 வயதாகும்வரை நிலம் மேலே இருப்பவர் கையில், வருமானமும் அவருக்கே. வயதுக்கு வந்த மகனாக இருந்தால் வாரிசுக் கட்டணம் கட்டித்தான் நிலத்தை வாங்க வேண்டும். மன்னர்கள் இந்தக் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போனதால்தான் 1215இல் மாக்ன கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் 2ஆம் பிரிவு உச்சவரம்பு வைத்தது: பெரிய பிரபுவுக்கு 100 பவுண்டு, ஒரு வீரரின் நிலத்துக்கு 100 ஷில்லிங்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ‘இங்கிலாந்தில் வெள்ளிக் காசு இருந்ததே’ என்று கேட்கக்கூடும். இருந்தது. இந்தக் காசில்லாக் கதை 9, 10ஆம் நூற்றாண்டு பிராங்கிய நாடுகளுக்குத்தான் (இன்றைய பிரான்சும் அதன் அண்டைப் பகுதிகளும்) ஓரளவு பொருந்தும். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் நார்மண்டியிலிருந்து அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார்.

இதுவரை மேல்தட்டு. கீழே இருக்கும் விவசாயிக்கு வேறு கதை சொல்ல வேண்டும். ஒரு குடியிருப்புக் காலனி. வீட்டு ஓனர்தான் முதலாளி, ஓனர்தான் போலீஸ், வழக்கு வந்தால் ஓனரின் மன்றமே கோர்ட். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர் வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் அவருக்குக் கட்டணம். அப்பா இறந்தால் வீட்டில் இருப்பதிலேயே விலையுயர்ந்த பொருள், பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓனருக்குப் போய்விடும். (அன்று அது ஆகச் சிறந்த மாடு. அடுத்த சிறந்த மாடு தேவாலயத்துக்கு.) காலி செய்துவிட்டுப் போகவும் முடியாது.

இட்லிக்கு மாவு அரைப்பதைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஓனரின் கிரைண்டரில்தான் அரைக்க வேண்டும், கூலியாக மாவில் ஒரு பங்கு அவருக்கு, வீட்டில் சொந்தக் கிரைண்டர் வைத்திருந்தால் பறிமுதல். இது கற்பனையல்ல. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் 14ஆம் நூற்றாண்டில் ஊராரின் கைத்திருகைக் கற்களைப் பறித்து வந்து தன் கூடத்துக்குத் தளம் போட்டுக்கொண்டார். ஐம்பது ஆண்டு கழித்து, 1381 விவசாயிகள் கிளர்ச்சியில், ஊரார் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, கோயில் பிரசாதம்போல ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: மிட்டாயை வைத்து ஆடும் நிலப்பிரபுத்துவ விளையாட்டை எங்கள் பள்ளியில் செய்தோம். விவசாயிகள் மிட்டாயை வீரரிடம் கொடுக்க, வீரர் பிரபுவிடம் கொடுக்க, கடைசியில் எல்லாம் மன்னரிடம் குவிந்தது. பிள்ளைகள் ரசித்தார்கள். இது சரிதானா?
– ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ரசித்திருப்பார்கள். ஆனால் தப்பான பாடம். மேலே மன்னருக்குப் போனது தானியமல்ல, படைச்சேவை. விவசாயியிடமிருந்து முதலில் பிடுங்கப்பட்டது அவருடைய நாட்கள். எனவே மிட்டாயைத் தூக்கிவிட்டு நாட்களைக் கையில் கொடுங்கள்.

40 பேர் வகுப்புக்குக் கணக்கு: மன்னர் 1, பிரபுக்கள் 3, வீரர்கள் 6, பண்ணையடிமைகள் 24 (ஒரு வீரருக்கு நால்வர்), சுதந்திர விவசாயிகள் 2, பாதிரியார் 1, நகரவாசிகள் 3. வேண்டிய பொருள்: புளியங்கொட்டை 700, விரல் நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குச்சி 160, ஆளுக்கொரு தாள். நேரம் இரண்டு பாடவேளை.

ஒவ்வொரு விவசாயிக்கும் 6 குச்சி, அதாவது ஆறு வேலை நாள். பண்ணையடிமை 3 குச்சியை வீரரின் தாளில் வைக்க வேண்டும், 3 தன் தாளில். சுதந்திர விவசாயி ஆறையும் தன் தாளிலேயே வைத்து, குத்தகையாக 4 கொட்டை கொடுத்தால் போதும். ஒரு சுற்று ஓர் ஆண்டு. நல்ல ஆண்டில் குச்சிக்கு 4 கொட்டை விளையும்.

பண்ணையடிமையின் தாளில் 12 கொட்டை. அடுத்த ஆண்டு விதைக்கு 3 (அன்று கோதுமை விதைத்ததைப்போல் நான்கு மடங்கு விளைந்தாலே நல்ல விளைச்சல்). பாதிரியாருக்குத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) 1, கொட்டையை உடைக்க முடியாதென்பதால் முழுசாக. அரவைக் கூலி 1. மிச்சம் 7. குடும்பம் சாப்பிட 6. கையில் நிற்பது ஒன்றே ஒன்று.

இரண்டாம் ஆண்டு மழை கெட்டது என்று அறிவியுங்கள், குச்சிக்கு 3 கொட்டை. 9இல் விதை, தசமபாகம், அரவை போக 4. போன ஆண்டு மிச்சம் 1 சேர்த்தால் 5. வயிற்றுக்கு 6 வேண்டுமே! விதையில் ஒன்றைத் தின்பார்கள். மூன்றாம் ஆண்டு மழை சரியானாலும் விதை 2தான், ஆகவே தன் தாளில் 2 குச்சிக்குத்தான் விளைச்சல், மொத்தம் 8. அதில் விதை 3, தசமபாகம் 1, அரவை 1 போனால் 3 மிஞ்சும். ஒரு கொட்டை விதை தின்றவன் மறு ஆண்டு மூன்று கொட்டைக்குக் கடன்காரன். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், கணக்கை அவர்களே கரும்பலகையில் போடட்டும்.

வீரரின் கணக்கையும் போட வையுங்கள். நால்வரின் 12 குச்சிக்கு 48 கொட்டை. விதைக்கு 12, குதிரை, கவசம், வாள் என்று 24. வீட்டுச் செலவுக்கு 12தான். ‘அப்போ இவரும் பெரிய பணக்காரர் கிடையாதா!’ என்று யாராவது கேட்டால் விளையாட்டு வேலை செய்கிறது என்று பொருள். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் சொந்தப் பண்ணைகள் இருந்தன. கணக்கு சிக்கலாகும் என்பதால் இங்கே விட்டிருக்கிறோம்.

எங்கே சொதப்பும்? ஒன்று, இளகிய மனமுள்ள வீரர்கள் கொட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தடுக்காதீர்கள். அடுத்த சுற்றில் ‘குதிரை செத்தது, 10 கொட்டை கட்டு’ என்று ஒரு சீட்டை நீட்டுங்கள். இரண்டு, பண்ணையடிமைகள் ஓடப் பார்ப்பார்கள். ஓடலாம்! உரிமைப் பட்டயம் பெற்ற நகரங்களில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை என்ற வழக்கம் உண்டு. நகரவாசிகள் மூவரும் ஒரு சுற்று முழுக்க ஒருவரை மறைத்து வைத்தால் அவர் சுதந்திரர். வீரர்கள் 40 நாள் சேவைக்காக மன்னர் பக்கம் போய் நிற்கும் நேரம் பார்த்து ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று, அறுவடை அழைப்பை மறந்துவிடாதீர்கள். எல்லார் வயலும் ஒரே வாரத்தில்தான் விளையும். அந்த வாரம் பார்த்து வீரர் இன்னொரு குச்சியைக் கேட்பார், தன் கதிர் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

கேள்வி: அப்படியானால் பிரமிடு படமே தப்பா? தேர்வில் வரையச் சொல்கிறார்களே.
– மாணவி, விழுப்புரம்

பதில்: தேர்வில் வரையுங்கள், மதிப்பெண்ணை விட வேண்டாம். ஆனால் அதில் இரண்டு ஓட்டை. இங்கிலாந்து மன்னர் உச்சியில் இருக்கிறார் அல்லவா? அவரே பிரான்சில் வைத்திருந்த நிலத்துக்காகப் பிரெஞ்சு மன்னருக்குக் கீழ்ப்பட்டவர். 1329இல் மூன்றாம் எட்வர்டு அமியான் நகரத்துக்குப் போய் ஆறாம் பிலிப்புக்கு வணக்கம் செலுத்தினார். உச்சியில் இருப்பவர் இன்னொரு பிரமிடின் நடுவில்! இரண்டாவது, அடியில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் பதிவானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் முழு அடிமை. சுதந்திர விவசாயிகளும் உண்டு.

நோட்டில் வரையும்போது இரண்டு நிறப் பேனா எடுங்கள். மன்னர், பிரபு, வீரர் இடையே சிவப்புக் கோடு. இது கைக்குள் கை வைத்துச் சத்தியம் செய்த ஒப்பந்தம், இருபுறமும் கடமை உண்டு. பண்ணையடிமையிலிருந்து நிலத்துக்கு நீலக் கோடு. இது பிறப்பால் வந்த கட்டு, யாரும் அவரைச் சம்மதம் கேட்கவில்லை. ‘ஃபியூடலிசம்’ (நிலப்பிரபுத்துவம்) என்ற சொல்லையே அந்தக் காலத்தவர் அறியார். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள் என்று அமெரிக்க வரலாற்றாளர் எலிசபெத் பிரவுன் 1974இலேயே சண்டை போட்டார்.

ஒரு உபரித் தகவல்: பண்ணையடிமையை ஆங்கிலத்தில் ‘வில்லின்’ என்பார்கள். பண்ணையைச் சேர்ந்தவன் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மேட்டுக்குடிகள் அதை வசைச்சொல்லாக்க, நம் சினிமா ‘வில்லன்’ அதே வழியில் வந்தவர்.

கேள்வி: இது நம் ஊர் ஜமீன், பண்ணையார் கதைதானே? அப்படியே ஒப்பிட்டு நடத்தினால் என்ன?
– பெற்றோர், மன்னார்குடி

பதில்: தோற்றத்தில் ஒன்று, உள்ளே வேறு. சென்னை மாகாணத்தில் 1802இல் நிலைநிறுத்தப்பட்ட ஜமீன்தார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டியது பணம். படையோடு வர வேண்டிய கடமை அவருக்கில்லை. படைக்காக நிலம் என்பதற்கு இங்கே ஓரளவு பொருந்துபவர்கள் மதுரை நாயக்கர் காலப் பாளையக்காரர்கள். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு தனக்கு என்று சொல்வது மரபு. தஞ்சைப் பண்ணையாளைக் கட்டிப்போட்டவை சாதியும் கடனும். அவர்களைப் பாதுகாக்க 1952இல் தனிச் சட்டமே வந்தது.

இதனாலேயே மேலே சொன்ன விளையாட்டில் ஒரு கண்டிப்பு: யார் பண்ணையடிமை என்பதை ஆசிரியர் தேர்ந்தெடுக்கவே கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், அதையும் ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். தாத்தா பண்ணையாளாக இருந்த பிள்ளையும் மிராசுதாராக இருந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: இந்த முறை எப்படி முடிந்தது என்பதை விளையாட்டிலேயே காட்ட முடியுமா?
– ஆசிரியர், கோவை

பதில்: முடியும், நான்காவது சுற்றில். 1348–49இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் மூன்றிலொரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட மக்களைக் கொன்றது. 24 பண்ணையடிமைகளில் 10 பேருக்குக் கருப்புச் சீட்டு. கொரோனாவில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளைகள் இருக்கக்கூடும். எனவே ‘செத்துவிட்டாய்’ என்று சொல்லாமல், பத்துப் பேரையும் கணக்கெழுதும் வேலைக்கு மாற்றிவிடுங்கள். மிச்சம் 14 பேர், வேலைக்கு ஆள் கேட்டு 6 வீரர்கள். இப்போது ஒரு வீரர் பக்கத்துப் பண்ணை ஆளிடம் ‘என்னிடம் வா, குச்சிக்கு 2 கொட்டை கூலி’ என்று குசுகுசுப்பார். ஏலம் தொடங்கிவிடும். அது சூடுபிடித்ததும் மன்னரை எழுப்பி 1351ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசிக்கச் சொல்லுங்கள்: நோய்க்கு முன்பிருந்த கூலியே கொடுக்க வேண்டும், அதிகம் கேட்டால் தண்டனை. வகுப்பில் எழும் கூச்சலுக்குப் பிறகு 1381 கிளர்ச்சிக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: இன்றும் எங்காவது மிச்சமிருக்கிறதா?
– மாணவர், சேலம்

பதில்: ஸ்காட்லாந்தில் நிலப்பிரபுத்துவ நில உரிமை சட்டப்படி ஒழிந்தது 2004 நவம்பர் 28இல்தான். பிரான்சுக்கு அருகிலுள்ள சார்க் என்ற குட்டித் தீவில் 2008இல்தான் முழுமையான தேர்தல் நடந்தது. அந்தத் தீவை 1565இல் முதலாம் எலிசபெத் ஒரு பிரபுவுக்குக் கொடுத்தபோது விதித்த நிபந்தனை, காவலுக்கு 40 ஆயுதந்தரித்த ஆட்கள் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது. நெடுங்காலம் அந்தத் தீவில் புறா வளர்க்கும் உரிமை பிரபு ஒருவருக்குத்தான்.