குடல் கட்டி: மாத்திரைக்கு முன் ஒரு பாட்டில்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் ஆடு வளர்க்கிறேன். பட்டியைக் காக்கும் நாய்க்கு ஒன்பது வயது, 20 கிலோ. மலம் தார்போலக் கறுத்ததால் அறுவை செய்து குடலிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். ஈரலிலும் பரவியிருக்கிறதாம். குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' புற்றுநோயாக இருக்கலாம், டோசெரானிப் என்ற மாத்திரை உண்டு என்கிறார் டாக்டர். அதையே பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். 'இருக்கலாம்' என்பதை நம்பி யாராவது பணத்தைக் கொட்டுவார்களா? எடுத்த கட்டி இப்போது எங்கே இருக்கிறது? முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜிஸ்ட்டும் குடல் தசையில் வரும் இன்னொரு புற்றும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகத்தில் சிடி117 சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அந்தச் சாயம் காட்டுவது கிட் என்ற புரதத்தை. டாக்டர் சொன்ன டோசெரானிப் குறிவைப்பதும் முக்கியமாக அதைத்தான். முன்பு வேறொருவர் தம் நாயின் கட்டியை மைலோ டின்னில் ஐஸ்கட்டியோடு கொண்டுவந்தார். திறந்தால் உறைந்து வெளுத்துக் கிடந்தது, ஆய்வுக்கு உதவவில்லை. கட்டியை அனுப்பும் முறை இதுதான்: கட்டியைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்), வாயகன்ற பாட்டில், பெரிய கட்டியானால் நடுவே ஒரு கீறல். இதற்கு ஆகும் செலவு மாத்திரைச் செலவில் சிறு பங்குதான். கிளினிக்கில் இன்றே கேளுங்கள். பாதுகாத்து வைத்திருந்தால் செர்டாங் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

டோசெரானிப்புக்கு அமெரிக்கா 2009இல் அனுமதி தந்தது நாயின் தோல் கட்டி ஒன்றுக்கு. ஜிஸ்ட்டுக்குக் கொடுப்பது மருத்துவரின் பொறுப்பில். கிலோவுக்கு 2.5 முதல் 2.75 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது வழக்கம். உங்கள் நாய்க்கு 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. இரத்தமும் சிறுநீரும் பார்க்காமல் அதைத் தொடங்கக் கூடாது. பரவிய நோயைத் துடைத்தெடுக்காது. மருந்துக்கு நோய் கட்டுப்பட்டால் சில மாதங்கள், சில நாய்களில் அதற்கும் மேல், தீனி தின்று வாலாட்டும் காலம் கிடைக்கும்.

அந்தப் பாதி விலைக்காரர் மருந்தைச் சரியாகப் பாதுகாத்து வைத்தாரா, போலியா என்பதை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? ஆட்டுக் குடற்புழு மருந்தே புற்றைக் கரைக்கும் என்று விற்பவரும் அதே ரகம். நான் அவர்களிடம் ஒரு வெள்ளியும் கொடுக்க மாட்டேன்.

மனிதர் சாப்பிடும் வலி மாத்திரை வேண்டாம்; வயிற்றைப் புண்ணாக்கும். மலம் மறுபடி கறுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். மாத்திரையை உடைக்காதீர்கள், கையுறை போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தொடவே கூடாது. நாயின் மலத்தையும் பட்டித் தரையில் விடாமல் பையில் கட்டி எடுங்கள்.