ஜவுளிக்கடையில் உட்கார்ந்தால் சம்பளப் பிடித்தமா?

ஸ்டூலில் உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் நூறு ரூபாய் பிடித்துவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பிடிக்க உங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு உரிமை இல்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்த்த திருத்தம் ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தரச் சொல்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தாராளமாக உட்காரலாம்.

பெரும்பாலும் இந்தப் பிடித்தம் சூப்பர்வைசர் தானாகப் போட்ட சட்டம். முதலாளி கேமராவில் பார்த்துவிட்டு அவரைத் திட்டுவார், அது உங்கள் தலையில் விடியும். நானும் பட்டுப் பிரிவில் நான்கு வருஷம் நின்றவள்தான். கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம்.

சம்பளச் சீட்டில் அந்த நூறு ரூபாய் என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ‘தாமதம்’ என்று பொய்யாகப் போட்டிருந்தால் போட்டோ எடுத்து, தேதியோடு தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் கொடுங்கள்.

கடை ஹாஸ்டலில் தங்கியிருந்தால் மட்டும் தனியாகப் போகாதீர்கள். வேலையோடு தங்குமிடமும் போய்விடும். நாலு பேராகச் சேர்ந்து புகாரில் கையெழுத்துப் போடுங்கள்.