கணினி அறிவியலுக்கு எதை நம்பி 'சேஃப்டி' என்பது?

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகளுக்குக் கணினி அறிவியல்தான் வேண்டும், மேட்ச் (இடம் கிடைக்க நியாயமான வாய்ப்புள்ள கல்லூரி) எது, சேஃப்டி (இடம் ஏறக்குறைய உறுதியான கல்லூரி) எது என்று எப்படிப் பிரிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். அர்பானா-ஷாம்பெயினில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொத்த விகிதம் 40 சதவீதத்தை ஒட்டி இருந்த ஆண்டுகளிலும், கணினி அறிவியலுக்கு 10 சதவீதத்துக்குக் கீழேதான். சரி, வேறு துறையில் சேர்ந்து அப்புறம் மாறிக்கொள்ளலாமா? சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அது ஏறக்குறைய மூடிய கதவு. பெரும்பாலான இடங்களைப் பள்ளி முடித்து வருபவர்களுக்கே நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான கல்லூரிகள் சேர்ந்த மாணவர்களின் எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண்ணில் நடு 50 சதவீத வரம்பை, அதாவது மேல் கால்பங்கையும் கீழ் கால்பங்கையும் விட்டு நடுவில் இருப்பவர்களின் மதிப்பெண் வரம்பைச் சொல்லும். மகளின் மதிப்பெண் அதன் மேல்விளிம்பில் இருந்தால் மட்டும் மேட்ச் என்று வையுங்கள். நடுவில் இருந்தால் இந்தத் துறைக்கு அது எட்டாக்கனி என்றே நினைத்துக்கொள்வது நல்லது.

சேஃப்டிக்கு, தகுதி வரம்பை வெளிப்படையாகப் போட்டிருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களைத் தேடுங்கள். ஆனால் கட்டணம் கட்ட முடியாத கல்லூரி சேஃப்டியே இல்லை. உதவித்தொகை போகக் குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் நிகரக் கட்டணக் கணிப்பான் கல்லூரிகளின் இணையதளங்களிலேயே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே குடும்ப வருமானத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.