பயாலஜி பிடிக்கும் என்பதற்காகக் கணக்கை விட்டுவிட வேண்டாம்

வணக்கம் அம்மா. நேற்று நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் பாதி பதில்தான் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பில் ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்தால் கணக்குத் தொல்லை இல்லாமல் உங்கள் மகள் நீட்டுக்குப் படிப்பாளே என்கிறீர்கள். வேண்டாம். கணக்கும் பயாலஜியும் சேர்ந்த குரூப்பையே எடுங்கள். அவள் ஆசைப்படுவது மரபியல், அதிலும் ஊர் ஊராக, சமூகம் சமூகமாக ஜீன்களை எண்ணிப் பார்க்கும் மக்கள்தொகை மரபியல். அது கணக்கு இல்லாமல் நகராது.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான அல்லீல் (ஒரு ஜீனின் மாற்று வடிவம்) வந்தால்தான் வரும் ஒரு நோய், 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. நோய் வராமல் அந்த அல்லீலை ஒற்றையாகச் சுமப்பவர்கள், அதாவது கடத்திகள், எத்தனை பேர்? ஒரு ரசீதின் பின்பக்கத்தில் போட்டாள். பழுதான அல்லீல் இரண்டு சேரும் வாய்ப்பு 2500-ல் 1, அதனால் வர்க்கமூலம் எடுத்தால் அந்த அல்லீலின் நிகழ்வெண், அதாவது மொத்தத்தில் அதன் பங்கு, 50-ல் 1, பழுதில்லாதது 50-ல் 49, பழுதானது அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம் என்பதால் இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 2500 பேருக்கு 98 பேர். நோயாளி ஒருவர், கடத்திகள் 98! இதுதான் பிளஸ் டூவில் வரும் ஹார்டி-வீன்பெர்க் விதி. 1908-ல் எழுதிய அந்த ஹார்டி கணித மேதை, பின்னால் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவரும் அவரேதான்.

அப்புறம் அவளே கேட்டாள், "சார், எங்க சொந்தத்துல அத்தை மகனைத்தானே கட்டுறாங்க, அப்போ இந்தக் கணக்கு சரியா வருமா?" வராது. உறவு பார்க்காமல் மணம் நடந்தால்தான் அந்த விதி அப்படியே பொருந்தும். அத்தை மகன், மாமன் மகள் தம்பதிகளின் குழந்தைகளில் 2500-க்கு ஒன்று என்பது ஏறக்குறைய நான்காகிவிடும், அல்லீலின் நிகழ்வெண் மாறாமலேயே. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தோன்றியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து, வேலை கிடைக்குமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் கஷ்டம்தான், அதை மறைக்கமாட்டேன். எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை போக வேண்டும். ஆனால் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உண்டு, வீட்டுவாடகைப் படி தனி. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்னும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம், மேற்கு வங்கக் கல்யாணியில் உள்ள மருத்துவ மரபணுவியல் நிறுவனம் எல்லாம் இந்த மாதிரி மரபியல் ஆய்வும் செய்கின்றன. 2023-ல் தொடங்கிய சிக்கில் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகிவிடும் பரம்பரை ரத்த நோய்) ஒழிப்புத் திட்டத்தில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட நோய் அது. பரிசோதனை முடிவைக் குடும்பத்துக்குப் புரியவைக்கும் மரபணு ஆலோசகர்களும் தேவைப்படுவார்கள்.

நீட்டுக்கு அவள் தாராளமாக எழுதட்டும். கூடவே ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வும் எழுதட்டும், திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். அதில் 60 கேள்விகளில் 15 கணக்கு. இப்போது கணக்கை விட்டால் அந்தப் பதினைந்தும் போச்சு. பள்ளியில் குரூப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ரசீதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள், பையில்தான் வைத்திருப்பாள்.