கொட்டில் சூடு: காசைக் கூரையில் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (நிலாவெளி வாசகர்): வளவில் 10 அடிக்கு 12 அடியில் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. பயறு, கத்தரி விதையும் உரமும் வைக்கிறேன். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மத்தியானம் உள்ளே கால் வைக்க முடியவில்லை. காணொளிகளில் இடுக்கெல்லாம் அடைத்து நான்கு சுவருக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒட்டச் சொல்கிறார்கள். கையில் காசு குறைவு. எங்கே தொடங்குவது?

பதில்: அந்தக் காணொளிகள் குளிர் நாட்டுக்கானவை. அங்கே உள்ளே மூட்டிய சூடு வெளியே போகக்கூடாது என்று இடுக்கை அடைக்கிறார்கள். நமக்குச் சூடு மேலிருந்து இறங்குகிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் திருகோணமலையில் மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் பெரிதாகச் சரியாது. சுவருக்கு வெயில் காலையும் மாலையுந்தான். ஆகவே சுவரை இப்போதைக்கு விடுங்கள்.

முதல் வேலை, தகரத்தின் மேலே வெள்ளைப் பெயின்ற். வாடை மழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்து மாசி, பங்குனியில் செய்யுங்கள். கடற்கரைத் தகரத்தில் உப்புப் படிந்திருக்கும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சவர்க்காரத் தூள் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்து, கிணற்று நன்னீரால் இரண்டு தரம் கழுவிக் காயவிடுங்கள். துருப்பிடித்த இடத்தை மட்டும் கம்பிப் பிறஸ்ஸால் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு ஒரு கை கொடுங்கள். பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் தண்ணீர்க் கலவைப் பெயின்ற், தூய வெள்ளை, இரண்டு பூச்சு. இறவாரத்தோடு கூரை 12 அடிக்கு 14 அடி என்றால் 4 லீற்றர் வாளி ஒன்று போதும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று எண்ணெய் எனாமலை நாகத் (துத்தநாகம் பூசிய) தகரத்தில் நேரே அடிக்காதீர்கள். எண்ணெயும் நாகமும் சேர்ந்து அடியில் சவர்க்காரம் போன்ற ஒரு படை உண்டாகும். பெயின்ற் தோல் உரிவதுபோல் தகடு தகடாக எழும்பிவிடும். காலை ஒன்பது மணிக்குள் அடித்து முடியுங்கள். சுடுதகரத்தில் பெயின்ற் பிடிக்கும் முன்பே உலர்ந்து மாவாகும். ஏறும்போது ஆணி வரிசையின் மேலேயே மிதியுங்கள், அங்கேதான் கீழே மரம் இருக்கிறது.

மிச்சக் காசில் கூரைக்கு அடியில் ஒரு தட்டு. கூரைக்குப் போடும் வெள்ளித்தாளைச் சிலாகைகளின் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின்) கீழ்ப்பக்கம் கட்டுங்கள். தகரத்துக்கும் தாளுக்கும் இடையே குறைந்தது ஓர் அங்குலம் வேண்டும், நான்கு அங்குலம் இருந்தால் நல்லது. தாள் தகரத்தைத் தொட்டால் சூடு நேரே கடந்து வரும், செலவழித்ததில் பயனில்லை. மினுங்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில மாதத்தில் மங்கும். ரோல் வாங்க முடியாவிட்டால் பழைய காட்போட் மட்டையில் அடுப்படி ஈயத்தாளை ஒட்டுங்கள். பால்மாப் பைக்கு அவ்வளவு பலன் இல்லை, அதன் மினுக்கத்தின் மேல் பிளாஸ்டிக் படை இருக்கிறது. மின்வயர் போகும் இடத்தில் ஈயத்தாள் படவே கூடாது.

அடுத்தது காற்று. மேற்குச் சுவரில் தரைக்கு ஓரடி மேலே 2 அடிக்கு 1 அடி திறப்பு. கிழக்குச் சுவரில் முகட்டை ஒட்டி அதே அளவில் இன்னொன்று. கச்சான் தாழ நுழைந்து சூட்டை மேலே தள்ளிக்கொண்டு போகும். இரண்டுக்கும் கால் அங்குல வலை அடியுங்கள், இல்லாவிட்டால் எலி குடியிருக்கும். கிழக்குத் திறப்புக்கு மேல் ஓரடித் தகரத் தாழ்வாரம் வைத்தால் வாடைச் சாரல் உள்ளே வராது.

இவ்வளவு செய்தாலும் பகலில் வெளிக்காற்றைவிட உள்ளே குளிராது. மரநிழல் அளவுக்கு இறங்கினால் வேலை சரி. விதைக்கு அதுவே பெரிய உதவி: சேமிக்கும் இடத்தில் 5 பாகை செல்சியஸ் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நன்றாக உலர்த்திய விதையை இறுக மூடிய போத்தலில், இராக்கையின் கீழ் அடுக்கில் வையுங்கள். யூரியா மூட்டை தரையைத் தொடாமல் நான்கு அங்குலப் பலகையில் இருக்கட்டும்.

கேள்வி (தம்பலகாமம் வாசகி): தகரத்துக்கு மேல் கிடுகு (பின்னிய தென்னோலை) போட்டால் போதாதா?

பதில்: நல்ல நிழல், நம்மவர் கைகண்ட வழி. ஆனால் தகரத்தில் படியப் போடாதீர்கள். குறுக்கே கமுகஞ் சிலாகை வைத்து, மூன்று அங்குலம் உயர்த்தி அதன் மேல் பரப்புங்கள். ஐப்பசிக்கு முன் கழற்றி அடுக்கிவிடுங்கள். நனைந்த கிடுகு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தகரம் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும். பக்கத்தில் அடுப்போ குப்பை எரிக்கும் இடமோ இருந்தால் கிடுகே வேண்டாம்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): எங்கள் கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற். அதையும் தேய்த்துக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். தேய்த்தாலும் துளைத்தாலும் வெட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம். சீற்றைத் தொடாமல், முதல் பதிலில் சொன்ன வெள்ளித்தாள் தட்டை மரத்தில் மட்டும் கட்டுங்கள். சீற்றில் ஆணி வேண்டாம்.

கேள்வி (மூதூர் வாசகர்): ரெஜிபோம் இலவசமாகக் கிடைக்கிறது. பெற்றோல் நீர்ப்பம்பு நிற்கும் கொட்டிலுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. பெற்றோல் பட்டால் ரெஜிபோம் கரையும். தீப்பிடித்தால் உருகி நெருப்புத் துளியாகச் சொட்டும், புகையும் நஞ்சு. பம்பில்லாத கொட்டிலில் போடுவதென்றால் தகரத்தோடு ஒட்டாமல் சிலாகைக்குக் கீழே தாங்கவிடுங்கள், அடியில் பிளைவூட் மூடுங்கள். செருப்புக்குப் பூசும் பசையும் அதை அரிக்கும். தண்ணீரில் கரையும் மரப்பசையே பொருந்தும்.