மரபணுவில் பழுதில்லை, ஆனாலும் பால் சேரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): டீயில் ஊற்றும் பால் ஒன்றும் செய்வதில்லை, ஒரு டம்ளர் குடித்தால் வயிறு பொருமிப் பேதியாகிறது. பரிசோதனையில் '-13910 சிசி' என்று வந்தது. ஆனால் லாக்டேஸ் மரபணு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். 'சிடி' என்று வந்த என் மகன் தாராளமாகப் பால் குடிக்கிறான். எப்படி?

பதில்: இரண்டும் உண்மை. பால் சர்க்கரையை (லாக்டோஸ்) செரிக்கும் லாக்டேஸ் நொதிக்கான செய்முறை உங்கள் 2-ஆம் குரோமோசோமில் பிழையின்றி இருக்கிறது. தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும்கூட அதே எழுத்துகள்தான்; சிறுகுடல் உட்சுவரின் செல்கள் மட்டுமே அதை வாசிக்கின்றன. எந்தச் செல், எந்த வயதில், எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை கட்டுப்பாட்டுத் தொடர்கள்.

மரபணுவின் வாசலில் இருப்பது புரோமோட்டர். வாசிக்கும் நொதி வந்து அமருமிடம். அது மட்டும் போதாது. அங்கிருந்து ஏறத்தாழ 13,910 எழுத்துகள் முன்னால், எம்சிஎம்6 என்னும் வேறொரு மரபணுவின் நடுவில், ஓர் என்ஹான்சர், அதாவது வாசிப்பைக் கூட்டும் தொடர், இருக்கிறது. டி.என்.ஏ. இழை வளைவதால், அதில் ஒட்டிய புரதங்கள் தொலைவிலுள்ள புரோமோட்டரை எட்டிவிடும். பரிசோதனை பார்த்தது அங்குள்ள -13910 என்ற ஓர் எழுத்தை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என அதற்கு இரண்டு பிரதி; உங்களுக்கு இரண்டும் 'சி'. அந்த எழுத்து 'டி' ஆனால் ஆக்ட்-1 என்ற புரதம் இறுகப் பிடிக்கும். 'சி' ஆனால் பிடி தளரும். கைக்குழந்தைக்கு இத்தளர்வால் குறையில்லை. பால்குடி மறந்த பிறகு 'சி' உள்ள பகுதியில் மெத்தில் குறிகள் (டி.என்.ஏ.வில் ஒட்டும் சிறு வேதிக் குறிகள்) மெல்ல மெல்லச் சேர்ந்து வாசிப்பு அடங்கிவிடும். உங்கள் மகனுக்கு மற்ற பெற்றோரிடமிருந்து வந்த ஒரு 'டி' போதுமானது.

இதை நோய் என்று வருந்தாதீர்கள். உலகில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். 'டி' வடமேற்கு இந்தியாவில் அதிகம்; தெற்கே குறைவு.

250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் உண்டு. அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். தயிரிலும் அமாசி என்ற புளித்த பாலிலும் நுண்ணுயிர்களே ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. முற்றிய செடார் சீஸில் அநேகமாக மிச்சமே இராது. பாலை அறவே விட்டால் கால்சியத்துக்கு முள்ளோடு டின் மீனும் கேழ்வரகும் சேருங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன்): கோசா என்ற தென்னாப்பிரிக்க இனத்தைச் சேர்ந்த என் நண்பருக்கும் 'சிசி'. அவர் செம்பு செம்பாகப் பால் குடிக்கிறார். பரிசோதனை தவறா?

பதில்: பார்த்த இடம் போதவில்லை. அதே என்ஹான்சரில் 100 எழுத்து தள்ளி, -14010-இல் 'ஜி'க்குப் பதில் 'சி' இருந்தாலும் லாக்டேஸ் அடங்காது. கிழக்கு ஆப்பிரிக்க மாடு மேய்ப்பவர்களிடம் 2007-இல் கண்டறிந்தது இது. கோசா மக்களிடமும் உண்டு. ஐரோப்பியரை மனதில் வைத்த பரிசோதனை -13910-ஐ மட்டும் பார்க்கும்.

சந்தேகமிருந்தால் மூச்சுப் பரிசோதனை நல்லது. செரிக்காத லாக்டோஸைக் குடல் கிருமிகள் தின்று ஹைட்ரஜன் விடும்; அது மூச்சில் வரும். இரவு முழுக்கப் பட்டினி, காலையில் 25 கிராம் லாக்டோஸ் கரைத்த தண்ணீர், பிறகு அரை மணிக்கொரு முறை 3 மணி நேரம் மூச்சில் ஹைட்ரஜன் அளவு. தொடக்க அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் செரிக்கவில்லை என்று பொருள். முந்தின நாள் சுகர் பீன்ஸ் கறி சாப்பிட்டிருந்தால் தொடக்க அளவே ஏறியிருக்கும். கடந்த 4 வாரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் ஹைட்ரஜன் விடும் கிருமிகள் குறைந்து, பால் சேராதவருக்கும் சேரும் என்று காட்டிவிடும்.