கைலாயப் பரிக்கிரமா: ஹெலிகாப்டரில் போய் டோல்மா லாவைத் தாண்டலாமா?

மதுரையிலிருந்து 61 வயது வாசகர் கேட்கிறார்: "நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா வழியாக ஹெலிகாப்டரில் போகும் கைலாயப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். பிரஷர் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். 'ஆக்சிஜன் இருக்கு, குதிரை இருக்கு, பயப்படாதீங்க' என்கிறார் ஏஜெண்ட். மலையைச் சுற்றி வரும் பரிக்கிரமாவில் டோல்மா லா கணவாயைத் தாண்டிவிடுவேனா?"

ஐயா, உங்கள் கால் தாங்கும். எனக்குப் பயம் அந்த ஹெலிகாப்டரைப் பற்றித்தான், உடம்பு பழகும் முன்பே அது உயரத்தில் இறக்கிவிடும். நேபாள்கஞ்ச் 150 மீட்டர் உயரம், நம் மதுரை மாதிரி. சிமிகோட் சுமார் 2,900, ஹில்சா 3,600-க்கு மேல், எல்லை தாண்டித் திபெத்தில் தக்லகோட் 3,900, மானசரோவர் 4,590, டோல்மா லா 5,630. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஊரில் கிடைப்பதில் பாதிதான். உடம்பு அதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும். பேக்கேஜ் அட்டவணையில் ஒவ்வொரு இரவுக்கும் பக்கத்தில் உயரத்தை எழுதிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். தக்லகோட்டில் இரண்டு இரவு, மானசரோவரில் இரண்டு இரவு கேளுங்கள். கொடுத்தால், உங்கள் மருத்துவரும் இதயத்தைப் பார்த்துச் சரி என்றால், போகலாம். மறுத்தால் டோல்மா லா வேண்டாம்.

அப்புறம் அந்த ஆக்சிஜன். எந்த ஆக்சிஜன் என்று கேட்டீர்களா? பல இடங்களில் அது ஸ்ப்ரே டப்பா, சில நிமிடத்தில் காலி. எத்தனை சிலிண்டர், எத்தனை பேருக்கு, கணவாய் நாளன்று யார் தூக்கி வருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். குதிரை கால்வலியைக் குறைக்கும், காற்றைக் கூட்டாது. அதோடு கணவாய் தாண்டி கௌரி குண்டம் பக்கம் செங்குத்தான பாறை இறக்கத்தில் உங்களை இறக்கி நடக்கவிடுவார்கள், அதுவும் 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய நாளில்.

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க என்று பஸ்ஸில் மிட்டாய் மாதிரி டயமாக்ஸ் மாத்திரை நீட்டுவார்கள். நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். இதில் ஒரு விதிவிலக்கை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சல்ஃபா ஒவ்வாமை. எப்போதோ சிறுநீர்த் தொற்றுக்கு செப்ட்ரான் மாதிரி ஏதாவது போட்டு உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, வாய் புண்ணானதா? மாத்திரை பெயர் மறந்திருந்தால் வீட்டில் கேளுங்கள், பழைய மருந்துச்சீட்டைத் தேடுங்கள். அப்படி நடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் டயமாக்ஸைத் தொடாதீர்கள். அன்று வந்தது லேசான அரிப்பு என்றால் அவர் தன் முன்னால் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கச் சொல்லலாம், தீவிரமாக வந்திருந்தால் வேண்டாம் என்பார். விரல் நுனி குறுகுறுப்பதும் சோடா சப்பென்று இருப்பதும் ஒவ்வாமை இல்லை, அது அந்த மருந்தின் வழக்கம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2025-ல் அரசு யாத்திரை மீண்டும் தொடங்கியபோது மொத்தமே 750 இடம், அதுவும் குலுக்கல். அவர்களுக்கு டெல்லியில் ஒரு பரிசோதனை, வழியில் இன்னொன்று, தேறாதவர் திரும்ப வேண்டியதுதான். குலுக்கலில் விழாதவர் தனியாரிடம் போனால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுகிறார்கள், ஈ.சி.ஜி. எடுத்தாயா என்று கேட்க ஆளில்லை. அதே மலை, அதே இதயம், இதை ஏன் யாரும் கட்டாயமாக்கவில்லை?

குழு விசாவையும் கவனியுங்கள். ஒரே தாளில் எல்லோர் பெயரும் இருக்கும், சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். உடம்பு முடியாமல் நீங்கள் மட்டும் முன்கூட்டித் திரும்பினால் பெயரைப் பிரிக்கும் வேலையும் செலவும் யாருடையது என்று இப்போதே கேளுங்கள்.

தலைவலியோடு வாந்தி, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். அங்கே இறங்குவது என்றால் பரிக்கிரமா தொடங்கும் ஊரான தார்ச்சென்னிலிருந்து தக்லகோட்டுக்கே சுமார் 100 கிலோமீட்டர் வண்டிப் பயணம், அதனால் முதல் தலைவலியையே மறைக்காமல் சொல்லுங்கள்.

கணவாய் ஏறுவதற்கு முன் திரபுக்கில் தங்கும் இரவுதான் முடிவு எடுக்கும் நேரம். கைலாயத்தின் வடக்கு முகம் அங்கேயே கண்ணெதிரே நிற்கிறது. அப்பரே பாதி வழியில் திரும்பியவர்தான், அவருக்குத் திருவையாற்றில் காட்சி கிடைத்தது. காலையில் தலை கனத்தால் வழிகாட்டி என்ன சொன்னாலும் வந்த வழியே இறங்குங்கள். முன்பணத்தைப் பற்றி யோசிக்காமல், முதலில் அந்த நான்கு இரவுகளை எழுதி வாங்குங்கள்.